ட்ரிங் – ஐவிங்ஹோ – ஆல்ட்பரி சுற்று நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த நடை எங்கே இருக்கிறது? மொத்தம் எவ்வளவு தூரம்?

லண்டனுக்கு வடமேற்கே, சில்டர்ன் குன்றுகளில். ஹார்ட்ஃபர்ட்ஷயரும் பக்கிங்ஹாம்ஷயரும் தொட்டுக்கொள்ளும் இடம். ட்ரிங் ரயில் நிலையத்தில் கிளம்பி, சுண்ணாம்புக் குன்றின் முகடு வழியாக ஐவிங்ஹோ பீக்கன் என்ற உச்சிக்குப் போய், ஆஷ்ரிட்ஜ் காட்டுக்குள் திரும்பி, ஆல்ட்பரி கிராமத்தில் இறங்கி, மறுபடி அதே நிலையத்துக்கு வந்து சேரலாம். இந்தச் சுற்று சுமார் 14 கி.மீ. லிட்டில் கேட்ஸ்டன் கிராமத்தையும் சேர்த்துக்கொண்டால் சுமார் 20 கி.மீ.

உயரம் பெரிதல்ல. பீக்கன் உச்சியே கடல் மட்டத்திலிருந்து சுமார் 230 மீட்டர்தான். ஆனால் ஏறி இறங்கி ஏறும் வழி என்பதால் சின்னச் சுற்றிலேயே மொத்த ஏற்றம் 300 மீட்டரை நெருங்கும்.

எந்தத் திசையில் சுற்றுவது நல்லது?

முதலில் முகடு, பிறகு காடு, கடைசியில் ஆல்ட்பரி. இப்படிச் சொல்ல மூன்று காரணங்கள். ஒன்று, இங்கே காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். வடகிழக்காகப் பீக்கனை நோக்கிப் போகும்போது அது முதுகில் படும். எதிர்த்திசையில் வந்தால் மரமில்லாத முகட்டில் முழு நேரமும் முகத்தில் அறையும். இரண்டு, கால் ஓய்ந்த பிறகு வருவது டன்கோம்ப் டெரஸ் என்ற சமதளக் காட்டுப் பாதை. மூன்று, கடை, பப், தேநீர் எல்லாம் ஆல்ட்பரியில். அங்கிருந்து ரயில் நிலையம் அரை மணி நேரத்துக்குள்.

குளிர்காலத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. வெளிச்சம் மங்கும் நேரத்தில் நீங்கள் வெட்ட வெளிக் குன்றில் இருக்க மாட்டீர்கள்.

லண்டனிலிருந்து எப்படிப் போவது?

யூஸ்டன் நிலையத்திலிருந்து நேரடி ரயில். வண்டியைப் பொறுத்து 35 முதல் 45 நிமிடம். லண்டன் பயண அட்டையான ஆய்ஸ்டர் இந்தத் தடத்தில் வாட்ஃபோர்ட் ஜங்ஷனோடு சரி. ட்ரிங் வரை செல்லாது. ஆகவே போக வர டிக்கெட்டைக் கையோடு எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாளப் பராமரிப்பு இருந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் ஓடும். முந்தின நாள் இரவே நேர அட்டவணையைப் பார்த்துவிடுவது நல்லது.

ட்ரிங் நிலையமும் ட்ரிங் ஊரும் ஒன்றல்ல. ஊர் மேற்கே இரண்டரை கி.மீ. தள்ளி இருக்கிறது. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஊர்ப் பக்கம் திரும்பிவிடாமல், கிழக்கே ஆல்ட்பரி என்று காட்டும் பக்கம் திரும்புங்கள்.

காரில் வருபவர்கள் ஆல்ட்பரிக்குள் வண்டியை நிறுத்த முயல வேண்டாம். குளத்தைச் சுற்றியுள்ள தெருக்கள் மிகக் குறுகல், ஊர்க்காரர்களின் வண்டிகளுக்கே இடம் போதாது. மேலே பிரிட்ஜ்வாட்டர் நினைவுத்தூண் அருகே நேஷனல் டிரஸ்ட் (இயற்கை, வரலாற்று இடங்களைக் காக்கும் தொண்டு நிறுவனம்) வாகன நிறுத்தம் இருக்கிறது. அங்கிருந்தே சுற்றைத் தொடங்கலாம். ஆல்ட்பரிக்கு இறங்கி, நிலையத்தருகே முகட்டுப் பாதையைப் பிடித்து, பீக்கன் வழியாகத் தூணுக்கே திரும்பலாம்.

வழியைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

நிலையத்திலிருந்து பீக்கன் வரை (சுமார் 5.7 கி.மீ.): ரிட்ஜ்வே என்ற தேசிய நெடும்பாதையின் கடைசித் துண்டு இது. ரிட்ஜ்வே மொத்தம் 139 கி.மீ.; வில்ட்ஷயரில் ஏவ்பரி அருகே ஓவர்ட்டன் ஹில்லில் தொடங்கி ஐவிங்ஹோ பீக்கனில் முடிகிறது. கம்பங்களில் ஓக் கொட்டைச் சின்னம் இருக்கும். அதைப் பின்பற்றினால் போதும். முதலில் ஆல்ட்பரி நோவர்ஸ் என்ற காட்டுச் சரிவு. படிக்கட்டு வைத்து ஏற்றியிருக்கிறார்கள். பாதையோரம் நீளமாக ஓடும் மண்மேடும் பள்ளமும் கிரிம்ஸ் டிட்ச். இரும்புக் காலத்தது என்று கருதப்படும் எல்லைக் கரை. காடு முடிந்ததும் பிட்ஸ்டன் ஹில் என்ற புல்வெளி முகடு. இடப்பக்கம் கீழே தெரியும் பெரிய வெட்டுக்குழி பழைய சிமென்ட் ஆலைக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டிய இடம். அங்கிருந்து இறங்கி, ஒரு வயலைக் கடந்து, இன்கோம்ப் ஹோல் என்ற நீரற்ற பள்ளத்தாக்கின் விளிம்பைச் சுற்றி ஏறினால் சாலை வரும். சாலையைக் கடந்தால் பீக்கன்.

பீக்கனிலிருந்து தூண் வரை (சுமார் 4.5 கி.மீ.): வந்த சாலையை மறுபடி கடந்து, தெற்கே முகட்டோரமாக கிளிப்பர் டவுன் என்ற குன்றின் பக்கம் நடங்கள். ஒரு கதவைத் தாண்டியதும் காடு தொடங்கும். தனித்து நிற்கும் ஒரு வீட்டைக் கடந்த பிறகு பாதை அகன்று, கெட்டித் தரையாகி, டன்கோம்ப் டெரஸ் ஆகிறது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நேராகத் தூணடியில் கொண்டுவிடும்.

தூணிலிருந்து ஆல்ட்பரி வழியாக நிலையம் (சுமார் 3 கி.மீ.): காட்டுச் சரிவில் கீழே இறக்கம். மர வேர்களும் சிக்கிமுக்கிக் கற்களும் கலந்து கிடக்கும். நனைந்திருந்தால் இந்த ஒரு கி.மீ.தான் முழு நடையிலும் அதிகம் வழுக்கும் பகுதி. கைத்தடி இருந்தால் இங்கே எடுங்கள். கிராமத்திலிருந்து தேவாலயத்தை ஒட்டிய வயல் பாதை நிலையத்தருகே கொண்டுவிடும். இருட்டிவிட்டால் வயலை விட்டுவிட்டுச் சாலை வழியே வாருங்கள். நடைபாதை இல்லாத இடத்தில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி, டார்ச்சுடன்.

லிட்டில் கேட்ஸ்டனையும் சேர்க்க வேண்டுமா?

ஒரு முழு நாள் கையில் இருந்தால் கண்டிப்பாகச் சேருங்கள். பீக்கனிலிருந்து கிளிப்பர் டவுனுக்குத் திரும்பாமல் தென்கிழக்கே இறங்கி, காட்டுச் சரிவில் வார்ட்ஸ் ஹர்ஸ்ட் பண்ணைக்கு ஏறவேண்டும். அன்றைய நாளின் செங்குத்தான ஏற்றம் இதுதான். பிறகு வயல்கள் வழியே லிட்டில் கேட்ஸ்டன் தேவாலயம்.

அந்தத் தேவாலயம் ஊருக்குள் இல்லை. வயல் நடுவே தனியாக நிற்கிறது. பிரிட்ஜ்வாட்டர் குடும்பத்தின் நினைவுச் சின்னங்கள் உள்ளே இருக்கின்றன. ஊர்த் தெரு ஒரே நீள வரிசை, அதன் ஒரு பக்கம் முழுக்க ஆஷ்ரிட்ஜ் பூங்கா. மதியச் சாப்பாட்டுக்கு ஏற்ற பப் ஒன்றும் உண்டு.

அங்கிருந்து கோல்டன் வேலி என்ற புல்வெளிப் பள்ளத்தாக்கு. 18ஆம் நூற்றாண்டில் கேப்பபிலிட்டி பிரவுன் என்ற தோட்டக்கலை வடிவமைப்பாளர் செப்பனிட்ட நிலவடிவம். அதைக் கடந்தால் ஆஷ்ரிட்ஜ் மாளிகை. 1283இல் கார்ன்வால் பிரபு எட்மண்ட் நிறுவிய துறவி மடம் இருந்த இடம். மடங்களை எட்டாம் ஹென்றி கலைத்த பிறகு அரச குடும்பத்துக்கு வந்தது. 1554இல் இளவரசி எலிசபெத்தை லண்டனுக்குப் பிடித்துக்கொண்டு போனது இங்கிருந்துதான். இப்போது நிற்கும் கோட்டைபோன்ற கட்டடம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் வயட் திட்டமிட்டுத் தொடங்கியது. இன்று நிர்வாகக் கல்வி நிறுவனம் நடக்கிறது. மாளிகையிலிருந்து பிரின்சஸ் ரைடிங் என்ற அகன்ற புல்பாதை ஒரே நேர்கோடாகத் தூணுக்குப் போகிறது. இடையில் ஒரு நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டும்; வண்டிகள் வேகமாக வரும்.

எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

மலையேறுபவர்கள் பயன்படுத்தும் பழைய கணக்கு ஒன்று உண்டு: 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதன்படி 14 கி.மீ. சுற்றுக்கு 3 மணி 20 நிமிடம் வருகிறது. இது நிற்காமல் நடக்கும் கணக்கு. சேறு, கதவுகள், படம் எடுப்பது, தேநீர் எல்லாம் சேர்த்தால் 5 மணி நேரம். பெரிய சுற்றுக்கு 7 மணி நேரம் வையுங்கள்.

டிசம்பரில் மாலை 4 மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். காட்டுக்குள் அதற்கும் அரை மணி முன்பே இருட்டு. நவம்பர் முதல் ஜனவரி வரை சின்னச் சுற்றுக்குக்கூடக் காலை 10 மணிக்குள் நிலையத்தை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். ஜூனில் இந்தக் கவலை இல்லை. இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும்.

சேறு ஏன் இவ்வளவு? எப்படிப்பட்ட காலணி வேண்டும்?

இந்த நடையில் தரையைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. சில்டர்ன் குன்றுகளின் உடல் சுண்ணாம்புப் பாறை. அதில் தண்ணீர் நிற்காது, உடனே கீழே இறங்கிவிடும். அதனால்தான் இன்கோம்ப் ஹோல்போன்ற பள்ளத்தாக்குகளில் ஓடை இல்லை. ஆனால் குன்றின் தட்டையான தலையில், ஆஷ்ரிட்ஜ் காடு நிற்கும் இடத்தில், சுண்ணாம்பின் மேல் சிக்கிமுக்கிக் கல் கலந்த களிமண் போர்வை கிடக்கிறது. அது தண்ணீரை விடாது. மழை நின்று பத்து நாள் ஆனாலும் காட்டுக்குள் குட்டை தேங்கி நிற்கும். குதிரைகளும் போகும் பாதை என்றால் குளம்பு மிதித்து மிதித்து கணுக்கால் ஆழக் கூழாகிவிடும்.

ஆக, முகட்டில் தரை காய்ந்திருக்கிறதே என்று காட்டையும் அப்படியே எதிர்பார்க்காதீர்கள். சுண்ணாம்புச் சரிவுக்கும் தனி ஆபத்து உண்டு. மழை பெய்தவுடன் மேல்பூச்சு வெள்ளைப் பசையாகி, காலணி அடியின் பள்ளங்களை அடைத்துவிடும். பிறகு எந்தக் காலணியும் பிடிக்காது. இறங்கும்போது பாதை நடுவில் தேய்ந்து பளபளக்கும் வெள்ளைத் தடத்தை விட்டு, ஓரப் புல்லில் கால் வையுங்கள்.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை: கணுக்காலை மூடும், தண்ணீர் புகாத பூட்ஸ். அடிப்பள்ளம் 4, 5 மி.மீ. ஆழமாவது இருக்கட்டும். கெய்ட்டர் (பூட்ஸுக்கு மேல் காலைச் சுற்றிப் போடும் உறை) போட்டால் கால்சட்டை தப்பும். கோடையில் நல்ல ஓட்டக் காலணியே போதும். ரப்பர் வெல்லிங்டன் பூட்ஸ் 14 கி.மீ.க்கு வேண்டாம், உள்ளே கால் நழுவிக் குதிகாலில் கொப்புளம் வரும். மாற்றுக் காலுறை ஒரு ஜோடியும், வரும் வழியில் அழுக்குக் காலணியைப் போட்டுக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் பையும் கையில் இருக்கட்டும்.

வழக்கமாக எங்கே வழி தவறுகிறது?

நான்கு இடங்கள். முதலாவது இன்கோம்ப் ஹோல். ஆடுகள் நடந்து போட்ட தடங்கள் பள்ளத்துக்குள் இறங்குகின்றன. பார்க்க உண்மைப் பாதைபோலவே இருக்கும். அதில் இறங்கினால் எதிர்ச் சரிவில் கைகால் ஊன்றித்தான் ஏற வேண்டும். ரிட்ஜ்வே எப்போதும் விளிம்பிலேயே போகும்.

இரண்டாவது, பீக்கனிலிருந்து திரும்பும் இடம். உச்சியிலிருந்து நாலா பக்கமும் தடங்கள் இறங்குகின்றன. ஏறிய வழியை ஒருமுறை திரும்பிப் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, டன்கோம்ப் டெரஸ் தொடங்கும் பகுதி. மேலேயும் கீழேயும் இணைப் பாதைகள் பிரியும். எளிய சோதனை: தெற்கே நடக்கும்போது சரிவு எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் விழ வேண்டும், நீங்கள் ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. தூண் தெரியவில்லையே என்று பதறாதீர்கள். இலை இருக்கும் மாதங்களில் அருகில் போகும்வரை மரங்கள் அதை மறைத்துவிடும்.

நான்காவது, பெரிய சுற்றில் ஆஷ்ரிட்ஜ் காட்டின் உட்பகுதி. எல்லாப் பாதையும் ஒன்றுபோல இருக்கும். பிரின்சஸ் ரைடிங்கைப் பிடித்துவிட்டால் அதை விட்டு விலகாதீர்கள்.

வரைபடம் தேவையா? கைபேசி போதாதா?

பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் 181, சில்டர்ன் ஹில்ஸ் நார்த். 1:25,000 அளவு, வரைபடத்தில் 4 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. அதே வரைபடம் கைபேசிச் செயலியாகவும் கிடைக்கிறது. வீட்டில் வைஃபை இருக்கும்போதே இந்தப் பகுதியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்; பள்ளத்திலும் காட்டிலும் சிக்னல் விட்டுவிட்டு வரும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஆகவே கைபேசியை உள்சட்டைப் பையில் வையுங்கள். அவசரம் என்றால் 999. இடம் கேட்பார்கள், பீக்கனின் கட்டக் குறி (வரைபடக் கட்டத்தில் இடத்தைக் காட்டும் எண்) எஸ்பி 960 168, தூணின் குறி எஸ்பி 970 131. மற்ற இடங்களுக்குச் செயலி காட்டும் குறியைப் படித்துச் சொன்னால் போதும்.

கம்பங்களில் பல நிறத்தில் அம்புக்குறி இருக்கிறதே?

மஞ்சள் நடப்பவர்களுக்கு மட்டும். நீலம் குதிரைப் பாதை. நடப்பவர், குதிரை, சைக்கிள் மூன்றுக்கும் உரிமை உண்டு. சிவப்பு எல்லா வண்டிகளுக்கும் திறந்த பாதை. குதிரை வந்தால் ஒதுங்கி, அது பார்க்கும்படி நின்று, மெதுவாக ஒரு வார்த்தை பேசுங்கள். பின்னாலிருந்து சத்தமில்லாமல் நெருங்கினால்தான் மிரளும். பயிர் நிற்கும் வயலில் பொதுப்பாதை போனால் வயலுக்குள்ளேயே போகலாம், ஒருவர் பின் ஒருவராக. கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போக வேண்டும்; திறந்திருந்தால் திறந்தே, மூடியிருந்தால் மூடி.

பெரிய பிரபுவின் எஸ்டேட்டாக இருந்த நிலத்தில் எல்லாரும் எப்படி நடக்க முடிகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் ட்ரிங் நிலையத்திலேயே தொடங்குகிறது. 1866இல் ஆஷ்ரிட்ஜ் பிரபு பிரவுன்லோ, பக்கத்திலுள்ள பர்காம்ஸ்டெட் பொதுநிலத்தில் நானூறு ஏக்கருக்கு மேல் ஐந்தடி உயர இரும்பு வேலி போட்டு அடைத்தார். அந்த நிலத்தில் ஆடு மாடு மேய்க்கவும், விறகும் கருக்குப் பெரணியும் வெட்டவும் ஊர்மக்களுக்கு வழிவழியாக உரிமை இருந்தது. ஊரில் பலர் பிரபுவின் குடியானவர்கள். எதிர்த்து நிற்க முடியவில்லை. எதிர்த்து நின்றவர் அகஸ்டஸ் ஸ்மித் என்ற நில உடைமையாளர். பொதுநிலங்களைக் காக்க முந்தின ஆண்டுதான் லண்டனில் தொடங்கப்பட்ட சங்கம் அவருக்குத் துணை நின்றது.

மார்ச் 6ஆம் தேதி இரவு, யூஸ்டனிலிருந்து தனி ரயிலில் சுமார் 120 கூலியாட்கள் கிளம்பினார்கள். நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி வாக்கில் ட்ரிங் நிலையத்தில் இறங்கி, இருட்டில் நடந்து பொதுநிலத்தை அடைந்தார்கள். கடப்பாரை கொண்டு வேலியைப் பிடுங்கி, கம்பிகளை உடைக்காமல் ஓரமாகக் குவித்து வைத்தார்கள். விடிவதற்குள் வேலை முடிந்தது. செய்தி பரவியதும் ஊர்மக்கள் கூட்டமாக வந்து, தங்கள் நிலம்தான் என்று காட்ட ஆளுக்கொரு கைப்பிடி புதர்ப்பூவைப் பறித்துப் போனார்கள். வழக்கு நடந்தது, 1870இல் தீர்ப்பு ஸ்மித் பக்கம் வந்தது.

பிறகு 1920களில் எஸ்டேட் விற்பனைக்கு வந்தபோது வீட்டுமனைகளாகப் போய்விடும் என்று அஞ்சி நிதி திரட்டினார்கள். 1926இல் ஒரு பெரும்பகுதி நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்தது. நீங்கள் நடக்கும் காடு அதுதான். வேலி பிடுங்கப்பட்ட பகுதியில் ஃப்ரித்ஸ்டன் பீச்சஸ் என்ற தோப்பு இருக்கிறது. விறகுக்காகத் தலை வெட்டி வெட்டி வளர்த்த கிழட்டுப் பீச் மரங்கள், அடிமரம் முண்டும் முடிச்சுமாக. நம் சுற்றிலிருந்து அது தென்கிழக்கே தள்ளி இருக்கிறது. தனியாக ஒரு நாள் போய்ப் பார்க்கத் தகுந்தது.

அந்தத் தூண் யாருக்காக? மேலே ஏறலாமா?

மூன்றாம் பிரிட்ஜ்வாட்டர் கோமகன் பிரான்சிஸ் எகர்டனுக்காக 1832இல் எழுப்பியது. தன் வர்ஸ்லி சுரங்கத்து நிலக்கரியை மான்செஸ்டருக்குக் கொண்டுபோக 1761இல் கால்வாய் வெட்டியவர். நிலக்கரி விலை பாதியாக இறங்கியது. நாடெங்கும் கால்வாய் வெட்டும் வேகம் அங்கிருந்து பிடித்தது. நிலையத்தருகே ஓடும் கிராண்ட் யூனியன் கால்வாயும் அந்த வேகத்தில் பிறந்ததுதான்.

கருங்கல் தூண், 33 மீட்டர், உள்ளே 172 சுருள் படி. ஆண்டு முழுக்கத் திறந்திருக்காது. பெரும்பாலும் கோடைப் பருவத்து வார இறுதிகளில் திறப்பார்கள். படிக்கட்டு மிகக் குறுகல், முதுகுப் பையைக் கீழே வைத்துவிட்டு ஏறுங்கள்.

ஆல்ட்பரியில் எதைப் பார்க்கத் தவறக் கூடாது?

குளக்கரையில் நிற்கும் தொழுக்கட்டையும் சவுக்கடிக் கம்பமும். தொழுக்கட்டை என்பது கால் நுழையும் துளைகள் வெட்டிய இரண்டு பலகை. குற்றவாளியை உட்காரவைத்துக் காலைப் பூட்டி ஊர் பார்க்க விடுவார்கள். எதிரே மரச்சட்டம் வெளியே தெரியும் டியூடர் காலத்து மேனர் வீடு.

பெரும்பாலானவர்கள் அங்கேயே படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். தேவாலயத்துக்குள் போகாமல் திரும்பாதீர்கள். பென்ட்லி சிற்றாலயத்தில் கல்லால் செதுக்கிய தடுப்புத் திரைக்கு உள்ளே சர் ராபர்ட் விட்டிங்ஹாமும் அவர் மனைவியும் கல்லில் படுத்திருக்கிறார்கள். அவர் 1471இல் டியூக்ஸ்பரி போரில் இறந்தவர். அவருடைய பாதங்கள் எதன்மேல் இருக்கின்றன என்று குனிந்து பாருங்கள். வழக்கமாகச் சிங்கமோ நாயோ இருக்கும். இங்கே உடம்பெல்லாம் ரோமம் படர்ந்த காட்டுமனிதன், கையில் தடியோடு. இந்தச் சிலைகள் ஆஷ்ரிட்ஜ் மடம் கலைக்கப்பட்ட பின் இங்கே கொண்டுவரப்பட்டவை.

எந்த மாதம் சிறந்தது?

காட்டுத் தரையில் நீலமாகப் பூக்கும் புளூபெல் பூவுக்கு ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை. ரிங்ஷால் என்ற சிற்றூர் அருகே டாக்கி வுட் என்ற காடு இதற்குப் பேர்போனது. பூக்கும் வார இறுதிகளில் நுழைவுக் கட்டணம் வைப்பதுண்டு. பாதையை விட்டு ஓரடிகூட உள்ளே போகாதீர்கள். மிதிபட்ட இலை வெயிலை உண்டு கிழங்கில் சேமிக்க முடியாது. அந்தச் செடி மீண்டும் பூக்கப் பல ஆண்டு ஆகும். விதையிலிருந்து பூ வரவே ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகும் செடி அது.

முகட்டுப் புல்வெளியில் ஜூன், ஜூலையில் ஆர்க்கிட், காட்டுத் தைம். ஜூலை இறுதியிலிருந்து வெளிர்நீல வண்ணத்துப்பூச்சிகள். பீச் இலை செம்பு நிறமாவது அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாரம். ஜனவரி, பிப்ரவரியில் சேறு உச்சம். அந்த மாதங்களில் கடும் உறைபனி விழுந்த மறுநாள் காலை பாருங்கள். தரை இறுகி, மிக நன்றாக நடக்கலாம்.

காட்டு விலங்குகள், மாடு, உண்ணி பற்றிப் பயப்பட வேண்டுமா?

புள்ளிமானைப் போன்ற ஃபாலோ மான் ஆஷ்ரிட்ஜில் நிறைய. அக்டோபர் இணைசேரும் காலத்தில் ஆண் மான் உறுமும். குறைந்தது 50 மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஜூனில் புல்லுக்குள் தனியாகக் கிடக்கும் குட்டியைத் தொடாதீர்கள், தாய் அருகிலேயே மேயும். இருட்டிய பிறகு மரத்தின்மேல் சிறிய அணில்போலச் சத்தமிடுவது கிளிஸ் என்ற கொழுத்த தூங்கெலி. 1902இல் விலங்கியலாளர் வால்டர் ராத்ஸ்சைல்ட் ட்ரிங்கில் கொண்டுவந்து வளர்த்ததன் வழித்தோன்றல்கள். இன்றும் பெரும்பாலும் இந்தக் குன்றுகளிலேயே சுற்றுகின்றன.

மாடு மேயும் வயலில் தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாமல் வேலியோரமாகச் சுற்றிப் போங்கள். நாயோடு இருக்கும்போது மாடு துரத்தினால் சங்கிலியை விட்டுவிடுங்கள். அது துரத்துவது நாயைத்தான்.

உண்ணி உண்மையிலேயே கவனிக்க வேண்டியது. லைம் நோய் பரப்பும். வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம் வரை முழுக்கால்சட்டை போட்டு, வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், இடுப்புப் பட்டை, குழந்தைகளின் காது ஓரம் எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக இழுங்கள். எண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் வட்டமாகச் சிவந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை?

நிலையத்துக்கும் தூணுக்கும் நடுவில் சுமார் 10 கி.மீ.க்கு எதுவும் கிடைக்காது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், வெயில் நாளில் இரண்டு. தூணடியில் நேஷனல் டிரஸ்ட் சிற்றுண்டிக் கடையும் கழிப்பறையும் உண்டு. ஆல்ட்பரியில் இரண்டு பப்பும் ஒரு சிறு கடையும். பப் சமையலறை மதியம் இரண்டரை வாக்கில் மூடிவிடலாம். ஞாயிறு என்றால் முன்பதிவு செய்யாமல் இடம் கிடைப்பது அரிது. சைவம் சாப்பிடுபவர்கள் சூப்பைக் கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும், அடிச்சாறு கோழியில் செய்ததாக இருக்கலாம். கட்டுச்சோறு கொண்டுபோவதானால் பீக்கன் உச்சியில் காற்று தட்டைப் பறிக்கும். கிளிப்பர் டவுன் தாண்டிக் காட்டோரத்தில் உட்காருங்கள்.

சின்னக் குழந்தைகள், சக்கர நாற்காலி?

எட்டு வயதுக்கு மேற்பட்ட, நடந்து பழகிய குழந்தைகள் சின்னச் சுற்றை முடித்துவிடுவார்கள். அதற்குக் கீழே என்றால் தூணிலிருந்து டன்கோம்ப் டெரஸில் இஷ்டப்பட்ட தூரம் போய்த் திரும்புங்கள். தரை கெட்டியாகவும் சமமாகவும் இருப்பதால் தள்ளுவண்டியும் போகும். மேடுபள்ளத்தில் ஓடும் மின்வண்டிகளை வாடகைக்கு எடுக்கும் வசதியும் அங்கே உண்டு, முன்கூட்டியே பேசிவையுங்கள். முகட்டுப் பக்கம் சக்கரத்துக்கு ஏற்றதல்ல.

பாதியில் முடியவில்லை என்றால்?

பிட்ஸ்டன் ஹில் வரை வந்து மழை பிடித்தால் வந்த வழியே திரும்புவதுதான் சுருக்கம். நிலையம் 3 கி.மீ. பீக்கனைத் தொட்ட பிறகு முகட்டிலேயே திரும்புவதைவிடக் காட்டு வழி இரண்டு கி.மீ.க்குள்தான் அதிகம். ஆகவே இடி மின்னல் என்றால் வெட்ட வெளியாக இல்லாத காட்டுப் பக்கத்தை எடுங்கள், தனி மரத்தடியில் மட்டும் ஒதுங்காதீர்கள். பெருங்காற்று எச்சரிக்கை உள்ள நாளில் இது தலைகீழ்: பீச் மரத்துக்கு வேர் ஆழமில்லை, முதிர்ந்த மரம் முன்னறிவிப்பின்றிக் கிளையை விடும். அன்று காட்டுக்குள் போகாமல் முகடு வழியே போய்த் திரும்புங்கள், அல்லது வேறொரு நாளுக்குத் தள்ளிவையுங்கள்.